வட்டிக்காரர் கட்டிய கோயில்

இத்தாலி தேசத்தில் ஒவ்வோர் ஊராரும் தங்கள் ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று பெருமை பேசுவது வழக்கம். பதுவை நகரத்தார் மட்டும் தங்கள் ஊரில் என்னென்ன இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். பெயரில்லாத மகான் ஒருவர், புல்லில்லாத புல்வெளி ஒன்று, கதவில்லாத காப்பிக் கடை ஒன்று. இம்மூன்றுமே தங்கள் ஊரின் அதிசயங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வசனம். இல்லாததைக் கொண்டே இவ்வளவு பெருமைப்படுகிறவர்கள், இருப்பதைக் கொண்டு எவ்வளவு பெருமைப்படலாம் என்று நேரில் பார்த்துவிடுவதற்காக ஒரு சனிக்கிழமை காலையில் வெனிஸில் ரயில் ஏறினோம். அரை மணிப் பிரயாணந்தான். வெனிஸுக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் இந்த ஊரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். அதைப் பற்றி நமக்கு மனஸ்தாபம் இல்லை. அவர்கள் இறங்காததனால் தெருவில் நமக்கு நடக்க இடம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் 'வெனிஸ் வர்த்தகன்' நாடகம் படித்த நேயர்களுக்குப் பதுவை புதிய ஊர் அல்ல. கொடுத்த கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் மாமிசம் கேட்டு ஷைலக் நிற்கும்போது, போர்ஷியா வக்கீல் வேஷத்தில் வருகிறாள் அல்லவா? அவளுக்குச் சட்டக் குறிப்பும் அங்கியும் அனுப்பி உதவிய பெல்லாரியோ பண்டிதர் பதுவைவாசி. கடன் வழக்கு என்றால் பதுவைப் பண்டிதரிடந்தான் போகவேண்டும் என்று ஷேக்ஸ்பியருக்கு எப்படித் தோன்றிற்றோ! 1222-ல் ஏற்பட்ட சர்வகலாசாலையின் கீர்த்தியே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் சுற்றிய பிறகு நமக்கு வேறொன்று தோன்றியது. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடனும் வட்டியும் கல்லாகவோ, வெண்கலமாகவோ, சித்திரமாகவோ எதிரே வந்து நிற்கின்றன.

முதலில் எதிர்ப்பட்டது கல். ஊருக்கு நடுநாயகமாக நியாய மாளிகை என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. 1218-ல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். கீழே கடைகள், மேலே நியாயஸ்தலம். நியாயஸ்தலம் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கடைகள் மட்டும் எண்ணூறு வருஷமாக இடம் பெயரவில்லை. மாளிகைக்கு ஒரு புறம் காய்கறிச் சந்தை, மறு புறம் பழச் சந்தை. மாடிக்குப் போனால் ஒரே மண்டபம். நீளம் சுமார் 265 அடி, அகலம் சுமார் 90 அடி. நடுவில் ஒரு தூண் கிடையாது. கப்பலைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற மரக் கூரையை 1306-ல் ஒரு துறவி அமைத்துக் கொடுத்தார். 1420-ல் தீப்பிடித்து எரிந்தது, மறுபடி கட்டினார்கள். 1756-ல் ஒரு சூறாவளி கூரையைத் தூக்கி எறிந்தது, மறுபடியும் கட்டினார்கள். சுவர் முழுவதும் மாதங்கள், கிரகங்கள், ராசிகள் இவற்றின் சித்திரங்கள். ஜாதகத்தில் நம்பிக்கையுள்ள நேயர்கள் அங்கே ஒரு நாள் பூராவும் செலவிடலாம். நமக்கு அந்தச் சாஸ்திரத்தில் அவ்வளவு பற்று இல்லாததனால், மூலையில் கிடந்த கறுப்புக் கல்லின் அருகே போய் நின்றோம்.

பார்ப்பதற்கு அது உட்காரும் பீடம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் அவமானக் கல். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன், உள்ளாடை தவிர மற்ற ஆடைகளைக் களைந்துவிட்டு, குறைந்தது நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று தடவை அந்தக் கல்லில் உட்கார்ந்து எழுந்து, "என் சொத்தையெல்லாம் விட்டுவிட்டேன்" என்று லத்தீன் பாஷையில் சொல்லவேண்டும். சொன்னதும் அவனை ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்து அகப்பட்டுக்கொண்டால் மறுபடியும் அதே சடங்கு. போதாததற்குத் தலையில் மூன்று வாளித் தண்ணீர் வேறு ஊற்றுவார்களாம். நம் நாட்டில் ஒருவன் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று சொல்வதை அந்தப் பக்கத்தில் இன்றும், "துணி நிஜாரோடு நிற்கிறான்" என்று சொல்கிறார்கள்.

'அடடா, என்ன கொடுமை!' என்று சொல்ல வாயெடுக்கும் நேயர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். இதற்கு முன்பிருந்த வழக்கம் என்ன தெரியுமா? கடன்காரனைச் சிறையில் தள்ளி, கடன் தீரும் வரையில் வைத்திருப்பது. சிறையில் இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை. 1231-ம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ந் தேதி பதுவை நகர சபையார் ஒரு சட்டம் செய்தார்கள். சொத்தை ஒப்படைத்துவிட்ட கடன்காரனை இனிமேல் சிறையில் அடைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதையொட்டி வந்ததுதான் கல்லின் மேல் உட்காரும் வழக்கம். மானம் போகும், உடம்பு மிஞ்சும். இந்தச் சட்டத்தை இன்னாருடைய வேண்டுகோளின் பேரில் செய்தோம் என்று சபையார் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டிக்கொண்டவர் அப்போது அந்த ஊரில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த அந்தோனி என்ற ஒரு துறவி. அவரிடம் பிறகு வருவோம்.

மாடியிலிருந்து இறங்கினால், ஒரு வளைவின் பக்கத்துச் சுவரில் பழைய அளவுகளை வெள்ளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செங்கல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், துணிக்கு எது சரியான நீளம், தானியத்துக்கு எது படி என்று வாங்குகிறவர்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த வளைவுக்குக் கயிற்று வளைவு என்று பெயர். அளவில் மோசம் செய்தவனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இடம் அதுதான். இன்று அதன் கீழே நின்று ஆரஞ்சுப் பழம் வாங்கினோம். கடைக்காரர் எடை போட்ட தராசு மின்சாரத் தராசு. ஆகையால் கயிறு தேவைப்படவில்லை.

போஜன விஷயத்தைச் சொல்லாவிட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் இந்தப் பத்தியை மன்னிக்கமாட்டார்கள். பதுவைப் பிரதேசத்தின் விசேஷ உணவு பீகொலி. நம் வீட்டு முறுக்கு நாழியின் பெரியண்ணன் போல ஒரு பித்தளைக் குழாய். அதில் மாவை அடைத்துத் திருகினால் இடியாப்பத்தைவிட நாலு பங்கு பருமனாக இழைகள் இறங்குகின்றன. அதன்மேல் வாத்துக் கறிக் குழம்பை ஊற்றுவது ஒரு முறை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிச் சேர்ப்பது இன்னொரு முறை. வெங்காயம் என்றதும் சைவ போஜனக்காரர்கள் ஆவலோடு கையை நீட்டிவிடக் கூடாது. உப்பிலிட்ட நெத்திலி மீன் அந்த வெங்காயத்தோடு அடையாளம் தெரியாமல் கரைந்திருக்கிறது. விரத நாட்களுக்கென்றே ஏற்பட்ட பதார்த்தம் இது. அவர்களுடைய விரதத்துக்கு மீனால் பங்கமில்லை! ராதிக்கியோ என்ற செந்நிறக் கீரையைப் போட்டுச் செய்யும் அரிசிச் சோறு மிகவும் நன்றாயிருக்கிறது. லேசான கசப்பு நாக்கில் தங்கிப் பிறகு தித்திப்பாக மாறுகிறது. ஆனால் அரிசியை எதில் வேகவைத்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது உத்தமம். மாமிசம் வெந்த நீரில் வேகவைப்பதுதான் அங்கே சாதாரண வழக்கம்.

நாம் தைரியமாகச் சாப்பிட்டது பொலெண்டா என்ற மக்காச்சோளக் களியும் காளானும். இப்போது அது பெரிய ஹோட்டல்களில்கூடப் பரிமாறும் கௌரவமான பண்டம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்த மாகாணத்துக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அது ஒன்றுதான் ஆகாரம். கோதுமை விளைந்தது, அது மிராசுதாரருக்குக் குத்தகையாகப் போயிற்று. சோளக் களியை மட்டுமே தின்றவர்களுக்குப் பெல்லாக்ரா என்ற வியாதி வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். மிஞ்சியவர்களில் அநேகர் 1870-க்குப் பிறகு கூட்டங் கூட்டமாகக் கப்பலேறிப் பிரேஸில் தேசத்துக்குப் போனார்கள். தட்டில் மஞ்சளாக மினுமினுத்த களிக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது என்பது தெரிந்தும் ருசி குறையவில்லை என்பதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்லிக்கொள்கிறோம்.

பெயரில்லாத மகானைத் தரிசிக்கப் பிற்பகலில் போனோம். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஊரில் யாரும் பெயரைச் சொல்வதில்லை. 'மகான்' என்றாலே அவர் ஒருவர்தான். தமிழர்களுக்கு அவர் அந்நியரும் அல்லர். உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கோயில் கொண்டு, செவ்வாய்க்கிழமை தோறும் நம்மவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் அந்தோனியாரேதான். நம் நாட்டில் அவரைப் பதுவை அந்தோனியார் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். பதுவைக்காரர்களுக்கோ அவருடைய சொந்தப் பெயரே தேவைப்படவில்லை. அவர் பிறந்தது போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில். கடன்காரர்களுக்காக அவர் வேண்டிக்கொண்ட சட்டம் நிறைவேறி மூன்று மாதத்துக்குள், 1231 ஜூன் 13-ந் தேதி, இந்த ஊரின் அருகிலேயே காலமானார். ஒரு வருஷம் முடிவதற்குள் ரோமாபுரி அவரை மகான் என்று பிரகடனம் செய்துவிட்டது. உடனே கோயில் எழும்பத் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் கூண்டு கோபுரங்கள் கீழ்த்திசைக் கட்டடங்களை ஞாபகப்படுத்துகின்றன.

சமாதியின் பின்புறம் ஒரு கரும்பச்சைக் கல் பலகை இருக்கிறது. ஜனங்கள் வரிசையாக வந்து, அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார்கள். சுற்றிலும் குழந்தைகளின் புகைப்படங்கள், கடிதங்கள், குணமானவர்களின் நன்றி மொழிகள். அந்த வரிசையில் நின்றபோது எந்தப் பாஷையில் யார் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாமற் போனாலும், முகங்களைப் பார்த்தே பாதி விளங்கிற்று.

இதே கோயிலின் பிரதான பீடத்தில் டொனாடெல்லோ என்ற மகா சிற்பி வார்த்த வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடிக்கொண்டுதான் நாம் போனோம். கதை இதுதான்: பெரிய லோபி ஒருவன் இறந்துபோனான். சவ ஊர்வலத்தில் அந்தோனியார் குறுக்கே வந்து, "இவனுடைய இருதயம் இவனிடத்தில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார். சவத்தைக் கீறிப் பார்த்தால் இருதயம் இல்லை. பெட்டியைத் திறந்தால் காசுகளுக்கு மத்தியில் அது கிடந்தது! வெண்கலத்தில் ஜனக்கூட்டம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒருவன் எட்டிப் பார்க்கிறான். ஒருத்தி பயந்து பின்வாங்குகிறாள். மகானுடைய சமாதி மண்டபத்தில் இதே கதையை 1525-ல் சலவைக் கல்லிலும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கதையை ஓர் ஊர் இரண்டு தடவை, அவ்வளவு செலவு செய்து சொல்லிக்கொண்டால், அந்தக் கதை யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

புல்லில்லாத புல்வெளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் இப்போது புல் இருக்கிறது. நீள்வட்டமாக ஒரு கால்வாயும், கரையில் 78 சிலைகளும், நடுவில் தூங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

கதவில்லாத காப்பிக் கடைக்கு மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்தோம். பெத்ரோக்கி என்ற காப்பிக் கடைக்காரர் 1831-ல் அரண்மனை போல அதைக் கட்டித் திறந்தார். 1916 வரையில் இரவு பகல் எந்நேரமும் அது மூடப்படவில்லை. ஆகையால் கதவுக்கு வேலையில்லை. பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று கூடங்கள். பச்சைக் கூடத்தில் ஒன்றும் வாங்காமல் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம் என்பது அவர் ஏற்படுத்திய தர்மம். கையில் காசில்லாத மாணவர்களுக்கு அது பெரிய உபகாரமாயிருந்தது.

வெள்ளைக் கூடத்துச் சுவரில் ஒரு துப்பாக்கிக் குண்டின் தழும்பைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வட இத்தாலி அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. 1848 ஜனவரியில் மிலான் நகரத்தார், புகையிலை வரி அந்நிய சர்க்காருக்குப் போகிறது என்று சுருட்டுப் பிடிப்பதை நிறுத்தினார்கள். உப்பை முன்னிட்டு ஒரு தேசம் எழுந்து நின்றதை அறிந்த நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றவில்லை. பிப்ரவரி 8-ந் தேதி பதுவை மாணவர்களும் ஜனங்களும் ஆஸ்திரியச் சிப்பாய்களோடு மோதினார்கள். குண்டு காப்பிக் கடைக்குள்ளும் வந்தது. மாஜினியின் சபதத்தைப் பாரதியார் பாட்டாகப் பாடியிருப்பதை நேயர்கள் அறிவார்கள். அந்த மாஜினியின் காலத்துக் குண்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் காப்பி சாப்பிட்டோம். காப்பியின் மேல் புதினா வாசனையுள்ள பாலாடையும் கோகோப் பொடியும் மிதந்தன. சர்க்கரை போடக் கூடாதாம், கலக்கவும் கூடாதாம். கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்கு இதைக் காப்பி என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கிண்ணத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

எதிர்த்தாற்போல் சர்வகலாசாலை. கலிலியோ 1592 முதல் 1610 வரையில் பதினெட்டு வருஷம் உபாத்தியாயராக இருந்த இடம். 1678-ல் எலேனா கொர்னாரோ என்ற பெண்மணி இங்கேதான் தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன் உலகத்தில் எந்த ஸ்திரீக்கும் அந்தப் பட்டம் கிடைத்ததில்லை என்கிறார்கள். அவர் முதலில் கேட்டது மத சாஸ்திரத்தில். பெண்ணுக்கு அது தகாது என்று ஊர் அத்தியக்ஷ குரு தடுத்துவிட்டார். பிறகு நெடுங்காலம் இன்னொரு பெண்ணுக்குப் பட்டம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். படிக்கட்டின் அடியில் அம்மணியின் சிலை மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எதற்காகப் பதுவைக்கு வந்தோமோ அதைப் பார்க்கப் போனோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஊரில் ரெஜினால்டோ ஸ்க்ரோவேனி என்று ஒரு லேவாதேவிக்காரர் இருந்தார். வட்டி வாங்குவதே பாவம் என்று கிறிஸ்தவ சபை விதித்திருந்த காலம் அது. வாங்கிய வட்டியைக் கொடுத்தவனிடமே திருப்பித் தந்தாலன்றி மன்னிப்புக் கிடையாது. அவன் அகப்படாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும். இருந்தும் ரெஜினால்டோ பெருந்தனம் சேர்த்துவிட்டுக் காலமானார். கவி தாந்தே தம்முடைய நரக வர்ணனையில் அனல் மணலில் உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்களைக் காட்டுகிறார். ஒவ்வொருவன் கழுத்திலும் ஒரு பணப்பை. ஒருவனுடைய பையில் வெள்ளைப் பின்னணியில் நீலப் பெண்பன்றி. அது ஸ்க்ரோவேனி குடும்பத்தின் முத்திரை. பெயரைச் சொல்லாமலே கவி ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

ரெஜினால்டோவின் குமாரர் என்ரிக்கோ 1300-ம் வருஷம், பழைய ரோமானியக் காலத்து வட்டரங்கம் இடிந்து கிடந்த நிலத்தை வாங்கினார். அதில் ஒரு மாளிகையும், அதை ஒட்டி ஒரு சிறு கோயிலும் கட்டினார். கோயிலின் உட்சுவர்களுக்குச் சித்திரம் எழுத ஜியோட்டோவை அழைத்தார். 1305 மார்ச்சு 25-ந் தேதி கோயில் பிரதிஷ்டையாயிற்று. தகப்பனாருடைய பாவத்துக்குப் பிராயச்சித்தமாகக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் அபிப்பிராயம். தம்முடைய செல்வாக்கைக் காட்டத்தான் கட்டினார் என்று வாதிக்கும் ஆராய்ச்சிக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே!

உள்ளே போவது லேசான காரியம் அல்ல. இன்டர்நெட் மூலம் முன்கூட்டியே டிக்கட் வாங்கவேண்டும். ஒரு தடவைக்கு 25 பேருக்குத்தான் அநுமதி. நம் மூச்சிலும் ஆடையிலும் உள்ள ஈரமும் தூசியும் சித்திரங்களைக் கெடுக்காமலிருக்க, முதலில் ஒரு கண்ணாடி அறையில் பதினைந்து நிமிஷம் உட்கார வைக்கிறார்கள். பிறகு கதவு திறக்கிறது. கோயிலுக்குள் பதினைந்து நிமிஷம்.

சுமார் 70 அடி நீளமும் 28 அடி அகலமும் உள்ள சின்னக் கூடம். தலைக்கு மேலே நீல வானம். அதில் பொன் நக்ஷத்திரங்கள். இரண்டு சுவர்களிலும் மேரியின் பெற்றோர் கதை தொடங்கி, ஏசுவின் ஜீவியம் முழுவதும் வரிசை வரிசையாகச் செல்கிறது. ஈரச் சுண்ணத்தின் மேல் அன்றன்றைக்குப் பூசிய அளவுக்கு அன்றன்றே எழுதி முடித்தவை. நீலத்தை மட்டும் சில இடங்களில் காய்ந்த பிறகு பூசியதால், அங்கங்கே மேரியின் அங்கி உதிர்ந்துவிட்டது. அதற்கு முந்திய சித்திரங்களில் தெய்வ புருஷர்கள் பொன் தகட்டில் ஒட்டியது போல எதிரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஜியோட்டோவின் மனிதர்களுக்குக் கனம் இருக்கிறது, முதுகு இருக்கிறது. கிழவர் யோவாக்கிமும் மனைவி அன்னாளும் நகர வாசலில் சந்திக்கும்போது அவள் அவருடைய முகத்தை இரு கையாலும் பற்றிக்கொள்கிறாள். இறந்த மகனைத் தாய் மடியில் கிடத்திக்கொண்டு குனிந்து பார்க்கும் சித்திரத்தில் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முகம் தெரியாமலே துக்கம் தெரிகிறது. குழந்தை ஏசுவைப் பார்க்க மூவேந்தர் வரும் காட்சியில் வானத்து நக்ஷத்திரம் வாலோடு இருக்கிறது. 1301-ல் தோன்றிய ஹாலியின் வால் நக்ஷத்திரத்தைப் பார்த்து எழுதியது என்பார்கள். 1986-ல் அதே வால் நக்ஷத்திரத்தைச் சந்திக்க ஐரோப்பியர் அனுப்பிய விண்கலத்துக்கு ஜியோட்டோவின் பெயரையே வைத்தார்கள்.

பதினைந்து நிமிஷத்தில் பாதி இப்படியே போய்விட்டது. மீதிப் பாதியில் பணத்தைத் தேடினோம். சிரமமில்லாமல் கிடைத்தது. யூதாஸ் பணப்பையைக் கையில் வாங்குகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் கறுப்புப் பிசாசு தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னொரு சித்திரத்தில் ஏசு, கோயிலுக்குள் கடை போட்டவர்களை விரட்டுகிறார். கீழ் வரிசையில் பொறாமை என்பவள் பணமூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நெருப்பில் நிற்கிறாள். அவளுடைய வாயிலிருந்து வரும் பாம்பு அவள் கண்ணையே கொத்துகிறது. மேற்குச் சுவர் முழுவதும் கடைசித் தீர்ப்பு நாள். அங்கே நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைகளின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். இதையெல்லாம் எழுதச் சொல்லிக் கூலி கொடுத்தவர் வட்டிக்காரரின் பிள்ளை! தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அதே சுவரில், சிலுவையின் அடியில், என்ரிக்கோவே இருக்கிறார். பிராயச்சித்தத்துக்கு உரிய ஊதா நிற அங்கி அணிந்து, மண்டியிட்டு, கோயிலின் மாதிரி ஒன்றை மேரியிடம் சமர்ப்பிக்கிறார். ஒரு குருவானவர் அதைத் தோளில் தாங்கிக் கொடுக்கிறார். என்ரிக்கோ முழங்கால் போட்டிருப்பது நரகத்தின் பக்கம் அல்ல, மோக்ஷத்தின் பக்கம்.

அந்தச் சித்திரத்தின் முன் நின்றபோது, முதல் நாள் பார்த்த கறுப்புக் கல் நம் நினைவைவிட்டு அகலவில்லை. அங்கிருந்து இங்கே பத்து நிமிஷ நடைதான். கடன் வாங்கியவன் கணக்குத் தீர்க்க வேண்டுமானால் ஆடையைக் களைந்து நூறு பேர் முன்னால் உட்காரவேண்டும். கொடுத்தவன் கணக்குத் தீர்க்கும்போது நல்ல அங்கி அணிந்து கோயிலைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கலாம். முறைப்படி அந்த வட்டிப் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வீடுகள் பல. அவர்களில் ஒருவருடைய பெயராவது அந்தச் சுவரில் இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்க்ரோவேனிகள் கிறிஸ்தவர்கள், ஆகவே அவர்களுக்குக் கோயில் என்ற வழி இருந்தது. வட்டித் தொழிலின் பழியை ஐரோப்பா பூராவும் யூதர்கள் தலையில் சுமத்திற்று. பதுவையிலும் 1603-ல் யூதர்களைத் தனிச் சேரியில் வைத்துக் கதவு போட்டார்கள்.

இப்படிச் சொல்வதனால் அந்தக் கோயில் கட்டப்படாமலே இருந்திருக்கலாம் என்று நாம் சொல்கிறோமா? வாசலில் மணி அடித்து வெளியே வரச் சொன்னபோது, இன்னும் ஐந்து நிமிஷம் கிடைக்குமானால் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது. அந்த ஆசையையும் இந்த ஆக்ஷேபத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

கோயில் கட்டிய காலத்திலேயே ஆக்ஷேபித்தவர்கள் உண்டு. பக்கத்திலிருந்த எரெமித்தானி மடத்துத் துறவிகள் 1305 ஜனவரியில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்கள். இந்த மணிக் கூண்டும் படாடோபமும் கடவுளுடைய மகிமைக்காக அல்ல, வீண் பெருமைக்காகத்தான் என்பது அதன் சாரம். என்ரிக்கோவுக்கும் கோயிலால் பெரிய சுகம் விளையவில்லை. 1320-ல் ஊரைவிட்டுப் போய், 1336-ல் வெனிஸில் இறந்தார். உடலை மட்டும் கொண்டுவந்து கோயிலில் அடக்கம் செய்தார்கள். மாளிகையை 1827-ல் இடித்துவிட்டார்கள். கோயில் தப்பியது, அதை நகர சபையார் பிறகு விலைக்கு வாங்கினார்கள். 2021-ல் பதுவையின் பதினாலாம் நூற்றாண்டுச் சுவர்ச் சித்திரங்கள் அனைத்தையும் உலகப் பொதுச் சொத்து என்று யுனெஸ்கோ பதிவு செய்தது.

புகார் எழுதிய துறவிகளின் மடத்துக் கோயிலுக்கும் போனோம். கூப்பிடு தூரந்தான். அதில் 1448 முதற்கொண்டு மாந்தேன்யா என்ற இளைஞர் எழுதிய சித்திரங்கள் ஒரு காலத்தில் ஜியோட்டோவுக்கு அடுத்தபடியாகப் புகழ் பெற்றிருந்தன. 1944 மார்ச்சு 11-ந் தேதி நேச நாட்டு விமானங்கள் பதுவையின் மேல் குண்டு போட்டன. வட்டிக்காரர் கோயிலுக்கு ஒன்றும் நேரவில்லை. துறவிகளின் கோயில் இடிந்து விழுந்தது. மாந்தேன்யாவின் சுவர்கள் தூளாயின. அந்தத் தூளைக் கூடை கூடையாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். சுமார் 88,000 துண்டுகள். அநேகமாக எல்லாம் விரல் நகமும் தீப்பெட்டியும் போன்றவை. அறுபது வருஷத்துக்குப் பிறகு, பழைய புகைப்படங்களைக் கொண்டு கணக்குப் போட்டு, ஒவ்வொரு துண்டும் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, 2006-ல் சுவரில் பொருத்தினார்கள். இப்போது பெரிய சாம்பல் நிறப் புகைப்படத்தின் மேல் அங்கங்கே வர்ணத் தீவுகள் மிதக்கின்றன. இந்தக் கோயிலுக்கு டிக்கட் இல்லை. கண்ணாடி அறை இல்லை. நேரக் கணக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூஜை முடிந்து ஜனங்கள் போய்விட்டார்கள். மாலை ரயிலுக்கு நேரமாகும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.